இமாட்டினிப் 400: இரண்டாயிரம் மாத்திரைக்குப் பிறகு எழுதும் ரிவ்யூ

மிக்ஸி வாங்கிய மூன்றாம் நாளே ஐந்து ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதுகிறோம். நான் இந்த ரத்தப் புற்றுநோய் மாத்திரையை ஆறு வருஷமாகத் தினமும் ஒன்று விழுங்குகிறேன், இதுவரை இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளே போயிருக்கும், ஒரு வார்த்தை எழுதியதில்லை. போன வாரம் தெரிந்தவர் ஒருவரின் மகனுக்கு இதே நோய், இதே மாத்திரை. "அண்ணே, இது வேலை செய்யுமா, பின்விளைவு என்ன, எந்த லேப்புல டெஸ்ட் கொடுக்கணும்?" என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கும்பகோணம் பக்கம் மோட்டார், பைப், வால்வு விற்கும் ஹார்ட்வேர் கடைக்காரன். அளவு, மருந்து மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2019 ஆவணியில் ஆரம்பித்தது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, வயிறு நிரம்பினாற்போல இருக்கும், ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போகிறேன். இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு எல்லாம் ஆயிற்று. கடைசியில் ரத்தம் கொடுத்தால் வெள்ளை அணு 1,84,000. சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியது. லேப் பெண் மெஷின்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாளாம். கல் மாதிரி இருந்தது வீங்கிய மண்ணீரல். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்து, குரோமோசோம் பார்த்து, சிஎம்எல் என்றார்கள், நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா. பிளட் கேன்சர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் வீட்டம்மாவுக்குச் சினிமாவில் கதாநாயகி இருமி இருமிக் கடைசி ரீலில் போய்ச்சேர்வதுதான் ஞாபகம் வந்திருக்கிறது, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரோ அலட்டிக்கொள்ளவே இல்லை. "சார், உங்க நோய்க்கு ஒரே ஒரு கோளாறான ஜீன்தான் காரணம், அதுக்குன்னே செஞ்ச மாத்திரை இருக்கு, சுகர் மாத்திரை மாதிரி தினம் போட்டுக்கிட்டு கடைக்குப் போய் வியாபாரத்தைப் பாருங்க" என்றார். எனக்கு அந்த ஜீன் விஷயம் பிடிபட ஒரு வருஷம் ஆனது. பிடிபட்ட பிறகுதான் மாத்திரை மேல் மரியாதை வந்தது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் எல்லோர் உடம்பிலும் 9-ஆம் குரோமோசோமில் ஏபிஎல்1 என்று ஒரு ஜீன் இருக்கிறது. அது செய்யும் புரதம் ஒரு கைனேஸ், அதாவது ஏடிபி என்ற சக்தி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை உருவி வேறொரு புரதத்தின் மேல் ஒட்டி, 'எழுந்து வேலையைப் பார்' என்று கிளப்பிவிடுவது. மனித உடம்பில் இப்படி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. செல் வடிவம் மாறுவது, டிஎன்ஏ சேதமானால் அதைக் கவனிப்பது, செல் பிரிவது என்று பல இடத்தில் ஏபிஎல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சம் வேலை. பெரும்பாலான நேரம் அது சும்மா மூடிக் கிடக்கும். எது மூடி வைக்கிறது என்றால் அதன் வாலே. புரதத்தின் ஆரம்ப நுனியில் ஒரு கொழுப்பு அமிலத் துணுக்கு தொங்குகிறது, அது வளைந்து வந்து புரதத்தின் முதுகில் இருக்கும் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தால் கைனேஸ் அடங்கிவிடும். எங்கள் கடை பாஷையில் சொன்னால் மாடி டேங்கில் இருக்கும் ஃப்ளோட் வால்வு. தண்ணீர் ஏறினால் பந்து ஏறும், பந்து ஏறினால் குழாய் மூடும்.

சிஎம்எல்லில் என்ன ஆகிறது? மஜ்ஜையில் ஏதோ ஒரு தாய் செல்லில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டு மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. ஏபிஎல் போய் 22-இல் இருக்கும் பிசிஆர் (BCR) என்ற ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது ஏபிஎல்லின் ஆரம்ப நுனி, அதுதான் அந்த ஃப்ளோட் பந்து, கழன்றே போய்விடுகிறது. போதாக்குறைக்குப் பிசிஆர் பக்கத்துக்கு ஒன்றோடொன்று கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் சுபாவம், கூட்டமாகச் சேர்ந்ததும் ஒன்றை ஒன்று கிளப்பிவிடுகின்றன. குழாய் மூடவே மூடாது. டேங்க் வழிந்து தெருவெல்லாம் தண்ணீர், என் கேஸில் 1,84,000.

இந்த மாறிப்போன குட்டைக் குரோமோசோமை 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர் கண்டார்கள், ஊர்ப் பெயரே அதற்கு வைத்தாகிவிட்டது. அது 9-உம் 22-உம் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி சொன்னார். குரோமோசோம் போட்டோக்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தே கண்டுபிடித்தாராம். நான்கு பிள்ளைகள் இருந்த வீட்டில் காற்றில் பறக்காமல் அவற்றை எப்படி வைத்திருந்தார் என்பதுதான் என் சந்தேகம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். நிக்கோலஸ் லைடன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஒரு மருந்து நிறுவன ஆய்வகத்தில் உருவாக்கியதை பிரையன் டிரூக்கர் என்ற டாக்டர் பிடிவாதமாக நோயாளிகள் வரை கொண்டு வந்தார். 1998-இல் முதல் சோதனை. போதுமான அளவு, அதாவது 300 மில்லிகிராமும் அதற்கு மேலும், எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை சரியாகிவிட்டது. கேன்சர் மருந்தில் இப்படி ஒரு கணக்கு அபூர்வம். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. பத்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, ஆரம்பத்திலிருந்தே இதை எடுத்துக்கொண்ட பிரிவில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்னால் முக்கியமான வழி இன்டர்ஃபெரான் ஊசி, இல்லாவிட்டால் மஜ்ஜை மாற்று.

இது வேலை செய்யும் விதம் எலக்ட்ரிக்கல் பக்கம். கழன்ற பந்தை இது திரும்ப மாட்டுவதில்லை. ஏடிபி வந்து சொருகிக்கொள்ளும் பிளக் ஓட்டையில் போய் இது கட்டையாகச் சொருகிக்கொள்கிறது. கரண்ட் வராத மோட்டார் எப்படி ஓடும்? நல்ல செல்லில் இருக்கும் ஏபிஎல்லையும் இது தடுக்கத்தான் செய்கிறது, ஆனால் நல்ல செல் அதை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. கெட்ட செல்லோ அந்த ஒரே மோட்டாரை நம்பிப் பிழைக்கிறது, அது நின்றால் செல்லும் சாகிறது.

பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. எனக்கு வரும் கம்பெனியில் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், கட்டை விரல் நகத்தைவிடப் பெரியது, வாயில் ஒரு நொடி அதிகம் தங்கினால் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம். முதல் வாரம் ஒரு காபியோடு போட்டுவிட்டுக் கடையைத் திறந்தேன், ஷட்டர் பாதி ஏறுவதற்குள் வாந்தி. இப்போது மத்தியானச் சாப்பாட்டில் மோர் சாதம் முடித்த கையோடு, இலையில் கை இருக்கும்போதே மகள் மாத்திரையைப் பிரித்து வைத்துவிடுவாள். விழுங்க முடியாதவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம் என்றும் சொல்கிறார்கள், நான் அந்தக் கசப்பை முயன்று பார்க்கவில்லை.

பின்விளைவு இல்லையென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், ராத்திரி முழுக்க அழுதவன் மாதிரி முகம். அதைவிட மோசம் கெண்டைக்காலில் குரக்களி. பின்னிரவில் திடீரென்று பிடித்து இழுத்தால் ஐம்பது வயது ஆள் பிள்ளை மாதிரி கத்துவேன். வயிற்றுப்போக்கு ஆரம்பத்தில் இருந்தது, பிறகு நின்றது. இன்னொன்று விசித்திரமானது: தோல் வெளுக்கும். இந்த மாத்திரை ஏபிஎல்லை மட்டும் பிடிப்பதில்லை, கிட் என்ற இன்னொரு கைனேஸையும் பிடிக்கிறது, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களுக்கு அந்தக் கிட் தேவை. (இதே கிட் கெட்டுப்போனால் இரைப்பைக் குடல் பக்கம் ஜிஸ்ட் என்று ஒரு கட்டி வரும், அதற்கும் இதே மாத்திரைதான்.) மூன்றாம் வருஷம் ஒரு கல்யாணத்தில் சித்தி ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னடா, நல்லா வெளுத்துட்டியே, என்ன சோப்பு போடுற?" என்று கேட்டார். கேன்சர் மாத்திரை சித்தி என்று சொல்ல மனசு வரவில்லை, கடலைமாவு என்று சொல்லிவிட்டேன்.

கிரேப்ஃப்ரூட் சாப்பிடக்கூடாது என்று மருந்துத் தாளில் இருந்தது. எங்கள் வீட்டில் அதைத் திராட்சை என்று படித்து ஆறு மாசம் திராட்சை, உலர்ந்த திராட்சை, பாயசத்தில் மிதக்கும் ஒற்றைத் திராட்சை வரை எல்லாவற்றுக்கும் தடை. கிரேப்ஃப்ரூட் என்பது ஆரஞ்சு இனம், பம்பளிமாஸுக்கு உறவு. அது முக்கியமாகக் குடலில் மாத்திரையை உடைக்கும் என்ஸைமைத் தடுத்து, ரத்தத்தில் மருந்து அளவை ஏற்றிவிடலாம். திராட்சை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வேறு எந்த மாத்திரை, நாட்டு மருந்து எடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே பேச வேண்டும், கர்ப்பத்தில் இது ஆகாது.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். மாத்திரை மட்டும் வாங்கி விழுங்கினால் பாதி சாமான்தான் வாங்கியிருக்கிறீர்கள். மீதிப் பாதி டெஸ்ட். ரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல், அதாவது அந்த ஒட்டிப்போன ஜீன், எவ்வளவு மிச்சம் என்று ஆர்டி-பிசிஆர் (RT-PCR, பெயர்தான் ஒன்று போல, அந்தப் பிசிஆர் ஜீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) முறையில் அளப்பது, ஆரம்பத்தில் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை. மூன்றாம் மாசம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாசம் 1-க்குள், ஒரு வருஷத்தில் 0.1-க்குள் இறங்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு 4.1, 0.62, 0.08 என்று இறங்கியது. கரண்ட் பில்லுக்குப் பிறகு நான் இவ்வளவு ஆவலாகப் பிரித்த காகிதம் வேறு இல்லை.

லேப் சர்வீஸுக்குத்தான் என் கோபம் எல்லாம். ஒரு தடவை சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுத்தேன். அவர்கள் அதைத் திங்கட்கிழமை வரை வைத்திருந்து சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த டெஸ்ட்டில் அளப்பது ஆர்என்ஏ, அதாவது ஜீனிலிருந்து செல் எடுக்கும் நகல், அது வெயிலில் வைத்த பால் மாதிரி சீக்கிரம் கெடும். வேடிக்கை என்னவென்றால், சாம்பிள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பல லேப்களில் அளப்பதும் அதே ஏபிஎல் ஜீனைத்தான், குறைந்தது 10,000 பிரதியாவது கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 3,800. மறுபடி கொடுங்கள், மறுபடி பணம் கட்டுங்கள் என்றார்கள். தப்பு யார் மேல் என்று கவுன்டரில் அரை மணி நேரம் நின்று பேசினேன், "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது" என்ற ஒரே பதில்தான்.

இன்னொரு தடவை 900 ரூபாய் மிச்சம் என்று வேறு லேப்புக்கு மாறினேன். ரிப்போர்ட்டில் 0.9 என்று இருந்தது. அதற்கு முந்தைய அளவு 0.05. பதினெட்டு மடங்கு! நோய் திரும்பிவிட்டது என்றே முடிவு கட்டி, கடைக் கணக்கு நோட்டில் யார் யார் எனக்குப் பணம் தர வேண்டும் என்று மகளுக்காகத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதுல ஐஎஸ் எங்கே?" என்பதுதான். ஐஎஸ் என்றால் சர்வதேச அளவுகோல். அந்தக் காலத்தில் மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறாக இருந்ததே, அது மாதிரி ஒவ்வொரு லேப்பின் மெஷினும் ஒவ்வொரு விதமாக அளக்கும். பெரிய சோதனையில் சேர்ந்த நோயாளிகளின் ஆரம்ப அளவை 100 என்று வைத்து, எல்லா லேப்பும் தன் எண்ணை அதற்கு மாற்றித் தர வேண்டும். இவர்கள் மாற்றாமலே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பழைய லேப்பில் திரும்பக் கொடுத்தேன், 0.04 வந்தது. இடையில் போன பதினோரு நாள் தூக்கத்தை எந்த லேப் ரீஃபண்டு செய்யும்?

ஆகவே ரத்தம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை: ரிப்போர்ட் ஐஎஸ்ஸில் வருமா, ஏபிஎல் பிரதி எண்ணிக்கையைப் போடுவார்களா, சாம்பிள் எப்போது கிளம்பும். கவுன்டரில் இருப்பவருக்கு ஐஎஸ் என்றால் என்னவென்றே தெரியாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ஒரு லேப் பிடித்துப்போனால் அதிலேயே இருங்கள்.

என் தப்பையும் எழுத வேண்டும் அல்லவா. 2021-இல் குரக்களி தாங்க முடியாமல் யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தேன். இரண்டரை மாசம் ஓடியது. அடுத்த டெஸ்ட்டில் 0.35. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார், "ஆமா சார்" என்றேன் கூசாமல். வீட்டம்மா கைப்பையைத் திறந்து மிச்சமிருந்த நாலு பட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. லண்டனில் 87 நோயாளிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். பாட்டில் மூடியிலேயே சிப் வைத்து, எப்போது திறந்தார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் 94 சதவீதம் பேர் அந்த 0.1 கோட்டுக்குக் கீழே போனார்கள், அதற்குக் குறைவாகப் போட்டவர்களில் 28 சதவீதம்தான். குரக்களிக்கு என்ன செய்யலாம் என்று அன்றே அவர் வழி சொன்னார். முன்னாலேயே வாயைத் திறந்திருந்தால் இந்த 0.35-ஐப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஒழுங்காகப் போட்டும் சிலருக்கு ஏறும். அங்கேதான் ஏபிஎல் தன் வேலையைக் காட்டுகிறது. பிளக் ஓட்டையின் வாசலில் 315-ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அது ஐசோலூசினாக மாறிவிட்டால் ஓட்டையின் வடிவமே மாறிவிடும், இமாட்டினிப் உள்ளே போகாது. இதன் பெயர் டி315ஐ. வேறு இடங்களில் வரும் பல மாற்றங்களுக்கு டாசாட்டினிப், நிலோட்டினிப் என்ற மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் இந்த டி315ஐ-க்கு அவையும் தோற்றுவிடும், போனாட்டினிப் என்ற மாத்திரை பிடிக்கும். 2021-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய அசிமினிப் என்ற மருந்தைப் பற்றிப் படித்தபோது கடையில் தனியாகச் சிரித்தேன். அது பிளக் ஓட்டைப் பக்கமே போவதில்லை, முதுகில் இருக்கும் அந்தப் பழைய குழியில், கழன்று போன பந்து உட்கார்ந்திருந்த அதே இடத்தில், போய் உட்கார்ந்துகொள்கிறது. ஃப்ளோட் போனால் புது ஃப்ளோட் மாட்டு என்று நாங்கள் தினமும் கவுன்டரில் சொல்வதுதான்.

விலை. ஒரு காலத்தில் ஒரிஜினல் கம்பெனியின் மாத்திரை இந்தியாவில் மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் ஊர்க் கம்பெனிகளின் ஜெனரிக் 8,000, 10,000 என்று கிடைத்தது. இதற்கான சண்டை நடந்ததில் நம் ஊருக்கும் பங்குண்டு: மாத்திரையின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு ஒரிஜினல் கம்பெனியான நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். பிறகு மெட்ராஸ் ஹைகோர்ட், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் முடியாது என்று சொல்லிவிட்டது. தெரிந்த பொருளுக்குப் புது வடிவம் கொடுத்தால் போதாது, மருந்தின் பலன் கூட வேண்டும் என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. இன்னொரு பக்கம் அதே கம்பெனி ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இதை இலவசமாகவும் கொடுத்தது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இப்போது ஜெனரிக் இன்னும் இறங்கிவிட்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள், அட்டையில் போட்டிருக்கும் எம்ஆர்பிக்கும் உண்மையில் வாங்கும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாலு இடம் விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். ஜெனரிக் சரியாக வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு என் 0.08 பதில், அது முழுக்க ஜெனரிக்கிலேயே வந்தது. கையில் எப்போதும் ஒரு மாச ஸ்டாக் கூடுதலாக இருக்கட்டும். 2020 மார்ச் ஊரடங்கில் பஸ் நின்றபோது என்னிடம் ஆறு மாத்திரை மிச்சம். திருச்சியிலிருந்து காய்கறி லாரியில் வந்த ஒரு பார்சலை விடியற்காலை மார்க்கெட் வாசலில் போய் வாங்கினேன், தக்காளிக் கூடைக்கு அடியில் இருந்தது.

நிறுத்த முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரான்ஸில் 2007-இல் தொடங்கி, இரண்டு வருஷமாக டெஸ்ட்டில் பிடிபடாத அளவுக்கு இறங்கிய 100 பேரிடம் நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் 40 பேருக்கு அது திரும்ப வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாசத்துக்குள் வந்தது, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்ததும் அடங்கியது. என் கடைசி ரிப்போர்ட் 0.006. நானும் கேட்டேன். "இன்னும் ரெண்டு வருஷம் இதே மாதிரி இருங்க, அப்புறம் பேசுவோம். நிறுத்தினா மாசாமாசம் டெஸ்ட், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் டாக்டர். வீட்டம்மா நிறுத்தவே வேண்டாம் என்கிறாள். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

மாத்திரைக்கு ஐந்துக்கு நாலரை, அரை குறைத்தது குரக்களிக்காக. இப்போது கொடுக்கும் லேப்புக்கு நாலு. நடுவில் மாறிய லேப்புக்கு அந்த 900 ரூபாய் அளவுக்குத்தான், அதாவது ஒன்று. அடுத்த ரத்தம் வரும் மாசம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போவேன், கூரியர் பையன் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறும் வரைக்கும் எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.